நூர்ஜஹான் திறந்து பார்த்த இ-புக்குகள்

நூர்ஜஹான் போய்விட்டாள். காலையில் அவள் மகள் ஷபானா ஃபோன் செய்து, "ஆண்ட்டி, அம்மா..." என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. எங்கள் யுனிவர்சிட்டி லைப்ரரியில் பதினோரு வருஷமாக எனக்கு அடுத்த சீட். வண்ணாரப்பேட்டைக்காரி. வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள்.

அழுகையை விட எரிச்சல்தான் முதலில் வருகிறது. ஆபீஸ் மேல், அந்த சாஃப்ட்வேர் மேல்... அதிகமாக என் மேல்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் பசங்க என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒரு ரீடிங் லிஸ்ட் உண்டு. அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர். ப்ரொஃபசர்கள் புத்தகத்தின் பெயரைச் சேர்ப்பார்கள். இ-புக்காக இருந்தால் பக்கத்தில் ஒரு டிக்.

அந்த டிக்குகளை வைத்து செமஸ்டருக்கு ஒரு ரிப்போர்ட் எடுப்பது என் வேலை. இ-புக் இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டால் அச்சுப் புத்தகம் வாங்க மாட்டார்கள்.

இதில்தான் கூத்து. முக்கால்வாசிப் பேர் போன வருஷ லிஸ்ட்டை அப்படியே காப்பி எடுத்துப் போடுவார்கள். டிக்கும் சேர்ந்தே வந்துவிடும். சந்தா முடிந்து அந்தப் புத்தகம் கைவிட்டுப் போய் மாதக்கணக்காகியிருக்கும்... டிக் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

நூர்ஜஹான்தான் முதலில் பார்த்தாள். "இன்னாடி சுமதி, இ-புக்குன்னு போட்டுகீது. தொறந்தா அட்டையும் பொருளடக்கமும்தான் வர்து. இத்த வச்சிகினு பசங்க இன்னா பண்ணும்?"

நான் என் கம்ப்யூட்டரில் நாலைந்து தட்டிப் பார்த்தேன். பாதி திறந்தது. திறக்கிறதே என்றேன்.

"உள்ள குந்திகினு தொறந்தா தொறக்கும். வெளிய போயி நின்னு தொறந்து பாரு."

அதுவும் நிஜம். கேம்பஸ் நெட்டில் வருகிற புத்தகம், எண்ணூரிலோ மணலி புதுநகரிலோ வீட்டிலிருந்து ஃபோனில் திறந்தால் வராது. எங்கள் பசங்களுக்கு ஃபோனை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து லஞ்ச் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே போய்விடுவாள். டீக்கடை ஓரம், கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசியில், துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு லிங்க்காகத் தட்டுவாள். யாருக்கோ காத்திருக்கிறாள் என்றே டீக்கடைக்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

வருது... வரல... ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான். இப்படி மூன்று கட்டம் போட்டு தனியாக ஒரு எக்ஸெல் வைத்திருந்தாள்.

அந்த மூன்றாவது கட்டத்தில் நானும் ஒருமுறை சிக்கினேன். பரீட்சைக்கு முந்தின நாள் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். "காலைலேர்ந்து பாக்கறேன் மேடம். ஒருத்தர் படிச்சிகினு கீறாங்கோ, வெயிட் பண்ணுன்னே வர்து."

யார் அந்தப் புண்ணியவான் என்று நூர்ஜஹான் சிஸ்டத்தில் தேடினாள். எழுந்து என் சீட்டுக்கு வந்தாள். என் கையிலிருந்த மவுஸை வாங்கினாள்.

"நீதாண்டி அந்த ஒருத்தர்."

ரிப்போர்ட்டுக்காகக் காலையில் திறந்து பார்த்திருக்கிறேன். திறந்தது, சரி என்று குறித்தேன். மூட மறந்துவிட்டேன்.

வெட்கமாகப் போய்விட்டது. அவள் விடுவாளா... "சுமதி மேடம் நாளிக்கி பரீட்சை எழ்தப் போறாங்கோ, யாரும் டிஸ்டர்ப் பண்ணாதீங்கோ" என்று சாயங்காலம் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தன் எக்ஸெல்லை எனக்கு மெயில் பண்ணி, இந்த செமஸ்டர் ரிப்போர்ட்டோடு அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள். ஆபீஸர் அன்று மாலைக்குள் வேண்டும் என்று நின்றார். இதைச் சேர்த்தால் நூறு கேள்வி வரும், அடுத்த செமஸ்டர் பார்க்கலாம் என்றேன்.

"அட்த்த செமஸ்டர்னா... இந்த செமஸ்டர் பசங்க இன்னா ஆவும்?"

ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சுவலி என்று லீவு. வந்து திட்டட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மெசேஜ் கூட அனுப்பாமல் இருந்துவிட்டேன். நான் செய்த காரியம் இது.

நேற்று ஆபீஸிலிருந்து மெயில். வாங்குவதாக இருந்த அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்... இ-புக் உள்ளது.

இன்று அவள் வீட்டில் ஷபானா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரில கூட லிங்க்குதான் தொறந்து பாத்துகினு இருந்தாங்கோ ஆண்ட்டி. நேத்து, அந்த லிஸ்ட்ட சுமதி அனுப்ச்சிட்டாளான்னு கேளுடின்னாங்கோ. அனுப்ச்சிட்டாங்கம்மான்னு நானே சொல்ட்டேன். சரின்னு கண்ண மூடிகினாங்கோ... அனுப்ச்சிட்டீங்க இல்ல ஆண்ட்டி?"

தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளையிடம் வேறென்ன செய்வது.

மதியம் லுஹர் தொழுகைக்கு அவளை எடுத்துக்கொண்டு போன பிறகு ஆட்டோவில் உட்கார்ந்து மெயில் எழுதினேன். நான் அனுப்பிய ரிப்போர்ட் தவறு, சரியான பட்டியல் இது, தயாரித்தவர் நூர்ஜஹான் என்று. ஆபீஸர், எல்லாத் துறைத் தலைவர்கள், ஒருவரையும் விடவில்லை.

என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்.

நூரு... இப்பதான் அனுப்பினேன். உன் பொண்ணு உன்னிடம் சொன்னது நேற்றைக்குப் பொய்டி.

போய் வா.