நாலு விதமான தப்பு

எங்கள் பள்ளிக்கு ஒரு பக்கம் பஸ் டிப்போ, மறுபக்கம் டயர் கடைகள். அங்கே ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் நாங்கள் நான்கு பேர்: வாயாடி, தூங்குமூஞ்சி, நான், குச்சி. குச்சியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பள்ளி விட்டதும் குச்சி அங்கேதான் போவாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, மடித்து அடுக்கிய தலையணை உறைகளின் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போடுவாள்.

படிக்கிறவர்களைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. யாராவது எழுந்து பதில் சொன்னால், "புரொஃபசரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று ஒரு வாரத்துக்கு வறுத்தெடுப்போம். "நாப்பதுக்கு மேல வாங்குறவ வேற பெஞ்ச் பாத்துக்கலாம்" என்பது வாயாடி போட்ட சட்டம். குச்சி இரண்டு வருடமும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டுப்பாடத்தையும் அவள்தான் ஆளுக்கொரு தாளில் போட்டுத் தந்தாள்; நாங்கள் பார்த்து எழுதிக்கொள்வோம். நாங்கள் ஒருமுறைகூட மாட்டியதில்லை. அது ஏன் என்று யோசித்ததும் இல்லை.

பத்தாம் வகுப்பு முடிவில், பெரிய அறிவியல் பள்ளி ஒன்றில் இலவசமாகச் சேர்வதற்கான தேர்வை எங்களிடம் மூச்சுவிடாமல் போய் எழுதினாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் இடம். அவரோ வகுப்பிலேயே வந்து கேட்டார்:

"முப்பத்தெட்டு வாங்குற பொண்ணு, அங்க மட்டும் எப்படி தொண்ணூத்தெட்டு வாங்கினே? யாரப் பாத்து எழுதினே?"

குச்சி தலைகுனிந்து நின்றாள். காரணம் சொன்னால் எங்களைச் சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நாளை காலைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்றார் அவர்.

காப்பிதான் அடித்திருப்பாள் என்று நானும் நினைத்தேன். ஆனாலும் எங்களுக்கே கணக்குப் போட்டுத் தந்தவளாயிற்றே என்று மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மற்ற இருவரையும் பழைய நோட்டுகளோடு எங்கள் வீட்டு மாடிப்படிக்கு வரச் சொன்னேன். ஒரே கணக்கை மூன்று நோட்டிலும் விரித்து வைத்தோம். என்னுடையதில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. நான் எப்போதும் செய்யும் தப்பு. வாயாடியின் நோட்டில் தேவையில்லாமல் ஏழெட்டு வரி. தூங்குமூஞ்சியின் கணக்கு பாதியில் நின்றிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இதே கதை.

"நம்மள மாதிரியே தப்பு போட்டிருக்காடி," என்றாள் வாயாடி. "அப்ப அவளோட முப்பத்தெட்டும் வேணும்னே வாங்கினதுதான், என் சட்டத்துக்காக."

"போய்ச் சொன்னா நாமளும் மாட்டுவோமே," என்றாள் தூங்குமூஞ்சி.

"மாட்டுவோம்," என்றேன் நான்.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் மேசையில் நோட்டுகளை வைத்தோம். "மேடம், அவ காப்பியடிக்கல. ரெண்டு வருஷமா நாங்கதான் அவளப் பாத்து அடிச்சோம்," என்ற வாயாடி, தான் போட்ட சட்டத்தையும் சொன்னாள். அவர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். குச்சியைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவள் விடையை எழுதிவிட்டாள். கையெழுத்துக் கிடைத்தது. எங்கள் மூவருக்கும் ஒரு வாரம் வராந்தாவில் நிற்கும் தண்டனையும் கிடைத்தது.

வெளியே வந்ததும் குச்சிக்குக் கோபம். "எதுக்குடி சொன்னீங்க?"

"உனக்கு இவ்ளோ கணக்கு வரும்னு நீ ஏன்டி ரெண்டு வருஷமா சொல்லல?" என்றாள் வாயாடி.

"சொன்னா, மத்தியானம் நான் யார்கூட உக்காந்து சாப்பிடுறது?"



அந்த அறிவியல் பள்ளியில் அவள் இரண்டு வருடமும் முதலிடம். இன்று குடிநீர் வாரியத்தில் பொறியாளர். எந்தத் தெருக் குழாய்க்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்கிடுகிறாள். அவளைப் போல ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை.