புழுதிக்குள் கிளாரி

கிளாரி ஹென்னெஸிக்குப் பொய் சொல்ல வராது. குதிரைகள் புழுதிக்குள் போய்விட்டால் மட்டும் கதை வேறு.

எங்கள் பண்டரூ மைதானத்தில் புல் கிடையாது, வெறும் செம்மண். வருஷத்துக்கு ஒரு நாள்தான் பந்தயம். குதிரைகள் எதிர்ப்பக்கம் திரும்பியதும் ஒரு புழுதி எழும்பும் பாருங்கள், அதற்குள் என்ன நடக்கிறது என்று கடவுளுக்கும் ஜாக்கிகளுக்கும்தான் தெரியும். அதற்காக வர்ணனை சொல்ல மைக் முன்னால் நிற்கிறவர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? கிளாரி இருக்க மாட்டார். உயரத்தில் இருக்கிற தகரக் கூண்டில் நின்று, 'அது முந்துகிறது, இது நெருங்குகிறது' என்று மனதுக்கு வந்தபடி அளந்துவிடுவார். குதிரைகள் வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி உண்மைக்குத் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். முந்தின நாள் அந்தப் புழுதியை நனைத்து அடக்க வேண்டிய வேலையும் அவருடையதுதான்.

"நல்லாத் தண்ணி விட்டிருந்தா இவ்வளவு பொய் சொல்ல வேண்டியிருக்காதேய்யா" என்பேன்.

"தண்ணி விட்டா அப்புறம் எனக்கு என்ன வேலை டெல்மா?" என்பார்.

கூண்டுக்கு நேர் கீழே இருக்கிற கேன்டீன் என்னுடையது. அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பலகை வழியாக என் தலையில்தான் விழும். பேச்சு நீண்டால் துடைப்பக் கட்டையால் மேலே இரண்டு இடி இடிப்பேன். "கீழ்வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துடுச்சு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பேசுவார்.

அவர் கையும் களவுமாக மாட்டியது ஒரே ஒரு தடவை. அந்த வருஷம் நோலா என்றொருத்தி, 'ரெட் ரிப்பன்' என்ற தன் பெட்டைக் குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். புழுதிக்குள் போனதும், "ரெட் ரிப்பன் முன்னால! பிடிக்க ஆளே இல்லை!" என்று கிளாரி கத்த, நோலா பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் கட்டிப்பிடித்துக் குதித்தாள். புழுதி அடங்கியது. ரெட் ரிப்பன் ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு, எதிர்ப்பக்க வேலியோரம் தண்ணீர்த் தொட்டியில் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நோலா ஏணியில் ஏறிய வேகத்தில் என் கேன்டீன் தட்டுகள் ஆடின.

"யோவ், கண்ணு இருக்கா உனக்கு? என் குதிரை தொட்டியில தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்குது!"

"ஏம்மா, தொட்டிக்கு முதல்ல போய்ச் சேர்ந்தது அதுதானே?"

மேலே பலகை தடதடவென்று அதிர்ந்தது. கொன்றுவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வருஷம் அவள் நோலா ஹென்னெஸி ஆகியிருந்தாள்.

கடைசிப் பந்தயம் முடிந்தாலும் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். அந்தந்த வருஷம் செத்துப்போன பந்தயக்காரர்களின் ஓட்டம் பாக்கி இருக்கும். மைதானம் காலியாகக் கிடக்கும். நாங்கள் வேலியோரம் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்தக் காலி மைதானத்தையே பார்ப்போம். கிளாரி செத்தவர்களைக் குதிரைகளாக ஓடவிட்டு வர்ணனை சொல்வார். குடிகாரர் பாதி வழியில் பீர்க் கடைப் பக்கம் ஒதுங்குவார். வாழ்நாள் பூராவும் முறைத்துக்கொண்ட இரண்டு ஜாக்கிகள் இடித்துக்கொண்டே ஓடுவார்கள். கண்ணீரோடு வந்த குடும்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். உயிரோடு இருந்தபோது எதிலுமே ஜெயிக்காத ஒருவர்தான் அதில் ஜெயிப்பார். யார் என்று கிளாரி முன்கூட்டி மூச்சு விட மாட்டார். ஜெயித்தவர் வீட்டுக்கு ஒரு நீல நாடா கொடுப்போம். அதைக் கல்லறையில் கட்டிவிட்டு வருவார்கள்.

ஒரே ஒரு தடவை அது எனக்கு முன்பே தெரிந்துபோனது. இந்த வருஷக் கோடையில் பெர்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆயுள் முழுக்க வாளி சுமந்து, லாயம் கழுவி, குதிரை தேய்த்தவர். அவர் தேய்த்துவிட்ட குதிரை ஒன்றுகூட முதலில் வந்ததில்லை. நானும் கிளாரியும் கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சூடாக எடுத்துக்கொண்டு பார்க்கப் போயிருந்தோம்.

"இந்த வருஷம் நீதான்டா" என்றார் கிளாரி.

"சும்மா சொல்லாதடா. மூணாவதா வந்தா போதும்."

"முதல்ல வர்ற. என் வாக்கு. ஆனா அவசரப்பட்டுச் செத்துடாத, நான் நல்லா யோசிக்கணும்."

பெர்சி சிரித்துச் சிரித்து இருமினார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். குளிர்காலத்தில் கிளாரியும் போனார். நெஞ்சு வலித்ததும் லாரியை ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் செத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத காரியம்.

இந்த வருஷம் அந்தக் கடைசி ஓட்டத்துக்கு வர்ணனை யார் சொல்வது என்று வந்தபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனையையும் தலையில் வாங்கியவள் நான்தானாம்.

பந்தயத்தன்று காலையிலேயே நோலா கேன்டீனுக்கு வந்தாள். கழுத்தில் கிளாரியின் பைனாகுலர்.

"டெல்மா, கிளாரிதான் ஜெயிக்கணும்."

"அந்த மனுஷன் ஜெயிக்காதவரா? உன்னையே ஜெயிச்சாரே."

"விளையாடாத. ஊரே அவர் வாயைத்தான் கேட்டுச்சு. அவரை யாரு பார்த்தாங்க? எல்லாரும் மைதானத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னீங்க. ஒரு தடவையாவது எல்லாரும் அவரைப் பார்க்கணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. "பெர்சிக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்காரு நோலா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"செத்தவருக்குச் செத்தவர் கொடுத்த வாக்கு. நான் உயிரோட நிக்கிறேன்டி உன் முன்னால."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சுட்ட 'பை' பலகாரத்தில் பாதி கருகிப்போயிற்று.

சாயங்காலம் ஏணியில் ஏறினேன். மேலிருந்து பார்த்தால், பெர்சியின் தங்கை ஐவி பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வேலியைப் பிடித்தபடி நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே நோலா. நிற்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது இரண்டு பேருக்கும்.

"கதவு திறந்தாச்சு!" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "பயிற்சியாளர் எர்னியைக் காணோம். வழக்கம் போல வீட்டுல பூட்ஸைத் தேடிக்கிட்டிருக்காரு." சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. "போஸ்ட் ஆபீஸ் மிஸ் டல்லி, பணம் கட்டுற மாதிரியே, எந்த ஜாக்கி சட்டை நல்ல கலர்னு பார்த்துக்கிட்டே ஓடுறாங்க. பெர்சி கையில வாளி. தண்ணி சிந்தாம ஓடுறாரு. முன்னால யாரு? கிளாரி! வாய் முன்னால போகுது, கால் பின்னால வருது!"

நோலா பைனாகுலரை இறுக்கிப் பிடித்தாள். எதிர்ப்பக்கத் திருப்பம் வந்தது.

"புழுதிக்குள்ள போயிட்டாங்க" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கிளாரியாக இருந்தால் இந்த இடத்தில் மழை மாதிரி கொட்டியிருப்பார். எனக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி உண்மைதான் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலை."

கீழே பைனாகுலர்கள் எல்லாம் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம்தான் அப்படியே நிற்பது?

"வெளிய வர்றாங்க. பெர்சி வர்றாரு, வாளியோட. பின்னால மிஸ் டல்லி. கிளாரி..." இல்லாத புழுதியில் நிஜமாகவே தேடினேன். "கிளாரியைக் காணோம்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. குளிர்காலம் முழுக்க அந்த மனுஷன் மேல் கோபப்பட்டேனே தவிர, இப்படி ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்க, அழுதேன். பெர்சி வாளியோடு பாதி வழியில் நிற்கிறார். அவரை அடுத்த அடி எடுத்து வைக்கச் சொல்லக்கூட என்னால் முடியவில்லை.

அப்போது கீழே இருந்து ஒரு கத்தல் வந்தது.

"ஏய் டெல்மா! தண்ணித் தொட்டியைப் பாருடி! அந்த மனுஷன் அங்கதான் நிப்பாரு!"

நோலாதான். பைனாகுலரை எதிர்ப்பக்க வேலிக்குத் திருப்பியிருந்தாள். மைதானத்தில் இருந்த அத்தனை பைனாகுலரும் அந்தப் பக்கம் திரும்பின. பைனாகுலர் இல்லாதவர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்கள். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் ஊரே சிரித்தது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

"தொட்டிக்கு முதல்ல போய்ச் சேர்ந்தது கிளாரி ஹென்னெஸி!" என்று கத்தினேன். "இங்கே பெர்சி எல்லைக் கோட்டைத் தாண்டிட்டாரு! ஒரு சொட்டுச் சிந்தலை!"

ஐவிக்கு நீல நாடாவைக் கட்டிவிட்டதே நோலாதான். அப்புறம் கூட்டம் பீர் வாங்க நகர்ந்தது. நோலா மட்டும் வேலியோரத்தில் அப்படியே நின்றிருந்தாள். டீ எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இருக்காரா?" என்றேன்.

"இருக்காரு" என்றாள். "ரெட் ரிப்பன்கிட்ட என்னமோ அளந்துக்கிட்டிருக்காரு."

பைனாகுலரைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்தேன்.