கறுப்புத் திரையில் பெய்த மழை

வானிலை ஃபைல்களோடு மல்லுக்கட்டிச் சோறு தின்றவர்களுக்குத்தான் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி உத்தியோகம். மற்ற ஃபைல் மாதிரி மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் திறக்காது. கறுப்புத் திரையில் ‘என்சிடம்ப்’ என்று ஒரு கட்டளையைத் தட்டி, பக்கத்தில் ஒரு கோடும் ‘ஹெச்’ எழுத்தும் போட வேண்டும். உள்ளே இருப்பது மழையா, வெயிலா, எந்த அளவையில், எத்தனை நாளுக்கு என்று முகப்பை மட்டும் காட்டும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரிப் பண்ணை அலுவலகத்தில் பத்து வருஷம் எனக்கு இதுதான் வேலை.

முதல் நாள்

அந்த ‘ஹெச்’சைப் போட மறந்துவிட்டேன். போடாவிட்டால் ஃபைலில் உள்ள எண் அத்தனையும் திரையில் கொட்டும். கொட்டியது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவும் வெட்கம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

களையெடுக்கும் பாக்கியத்தக்கா தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். திரையைப் பார்த்தபடியே குடத்தை இறக்கி வைத்தார். “இது என்னது தாயி?” என்றார். ஊர் ஊராகப் பெய்த மழையின் கணக்கு என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கம்ப்யூட்டர்ல மட்டும் இந்தக் கொட்டு கொட்டுதே. எங்க இடைசெவலுக்கு ஒரு பொழுது இப்படி இறங்கக் கூடாதா?”

முந்நூற்றுப் பன்னிரண்டு

டெல்லித் தலைமைக்கு அனுப்ப மே மாத வெயில் அட்டவணை கேட்டார் எங்கள் அதிகாரி. அவசரத்தில் முகப்பைப் பார்க்காமல் எண்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். உச்ச வெப்பம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அளவை கெல்வின் என்று ஃபைலில் தெளிவாக எழுதியிருந்தது, நம் செல்சியஸ் கணக்கில் முப்பத்தொன்பதுதான்; நான்தான் படிக்கவில்லை.

திட்டு விழும் என்று நின்றேன். அவர் அட்டவணையையும், ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசலையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்மூரு மே மாசத்துக்கு நான் நம்பிருவேன்மா. டெல்லிக்காரங்க நம்ப மாட்டாங்க.”

குருசாமியின் நாலு நாள்

எப்போதும்வென்றான் ஊர்க் குருசாமிக்குப் புது உளுந்து விதை கொடுத்திருந்தோம், அவர் புஞ்சையில் விதைத்துப் பார்க்க. முளைத்தது அழுகிவிட்டது. விதைத்ததும் நாலு நாள் விடாமல் மழை என்றார். எங்கள் ஃபைலில் அந்த நாலு நாளும் பூஜ்யம். விவசாயியின் கவனக்குறைவு என்று அறிக்கை தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவரை இனி விதைச் சோதனையில் சேர்க்க வேண்டாம் என்றும் அதில் ஒரு வரி.

குருசாமி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “விதை போனா போவுது சார். ஊருக்குள்ள நான் பொய்யன்னு ஆயிரும்லா” என்றார் அதிகாரியிடம்.

மனசு கேட்காமல் அந்த மாத ஃபைலை மறுபடி திறந்தேன். நாங்கள் எல்லோரும் முகப்பின் மேல்வரிகளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். அன்றைக்கு அடிவரை இறங்கினேன். கடைசியில் ஒரு குறிப்பு. கருவிகளைப் பார்த்துவந்த அருணாசலம் அண்ணாச்சி, ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் சேர்த்தது: ‘எப்போதும்வென்றான் மழைமானி வாயில் குருவி புல்லை அடைத்துவிட்டது. மேலே தண்ணீர் தேங்கி நின்றது. சுத்தம் செய்தேன். முந்தின நாலு நாள் பூஜ்யத்தை நம்ப வேண்டாம்.’

அதிகாரி குனிந்து படித்தார். அறிக்கையை எடுத்துக் குறுக்கே கிழித்தார். குருசாமி என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணாச்சி உங்களைக் காப்பாற்றிவிட்டார் என்றேன். “அவிய எனக்காவ எழுதல தாயி. நடந்ததை எழுதியிருக்காவ, அம்புட்டுதான்.”

மணியாச்சிக்கு ஒரு போன்

அன்று சாயங்காலம் முழுக்கப் பழைய ஃபைல்களின் அடிவரிகளையே படித்துக்கொண்டிருந்தேன். ‘கம்பத்தில் ஆடு உரசுகிறது, காற்றுமானி சாய்ந்திருக்கலாம்.’ ‘பஸ் வரவில்லை, ஒரு நாள் தாமதமாகப் போனேன்.’ ‘பேட்டரி மாற்றினேன். நல்ல மழை. நனைந்தேன்.’ பக்கத்து மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர் அன்றுதான் அறிமுகமானது போல இருந்தது. இப்போதும் சில வரிகள் மனப்பாடம்.

மறுநாள் மணியாச்சியில் இருந்த அவருக்கு போன் செய்து, நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் ரயில் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: “ஒவ்வொரு மாசமும் எழுதுனேன்மா. படிச்சேன்னு போன் வாறது இதான் மொத தடவை.”

இப்போது எல்லாம் வண்ணப் படமாகக் கைபேசிக்கே வந்துவிடுகிறது. நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, ஃபைலை அடிவரை படித்ததற்காக எந்த அலுவலகத்திலும் பாராட்டு கிடைக்காது, படிக்காமல் விட்டதற்கு மட்டும் மெமோ தவறாமல் வரும்.