பாறைக்குழியில் ஒரு நீச்சல் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளை இன்றைக்குத் தப்பாகச் சொன்னால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்த நாளை என்பது கிடையாது. ஒரு வாய் சோறு ஊட்டுவதற்குள் பிள்ளையின் பின்னால் தெருவைச் சுற்றி வந்த தாய்மார்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். நான் பட்டது ஊரார் பிள்ளைகளிடம், அதுவும் தண்ணீருக்குள்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். நீச்சல் மட்டும் அண்ணன்மாரோடு சானலில், அதாவது வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாயில், விழுந்து எழுந்து படித்தது. மயிலாடிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, மடியில் ஒரு பயலும் வந்துவிட்டான். அந்த வருஷம் கன்னிப்பூ என்கிற முதல் போக நடவின்போது, வயல் வேலை செய்யும் மாடத்தியின் சின்ன மகன், வரப்பில் விளையாடிக்கொண்டிருந்தவன், சானலோடு போய்விட்டான். கூட நின்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஊர்க் குளத்தில் அவர்கள் கால் நனைக்கக்கூடாது. பிறகு எங்கே போய்ப் படிப்பார்கள்? கோடையில் சானலை அடைப்பார்கள். மறுபடி தண்ணீர் திறப்பதற்குள் அந்தச் சேரிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மிதக்க வைத்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

இடம் கேட்கப் போனது

முதலில் ஊர்க் குளத்தைத்தான் கேட்டேன். குளத்துக்குக் காரியம் பார்க்கிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அதுகள் இறங்கின குளத்துல நாங்க எப்படிம்மா குளிக்க?" என்றார். "எருமை இறங்குதே, அதுக்குப் பிறகு குளிக்கிய இல்லா?" என்றேன். "எருமை வேற" என்றார். அதற்கு மேல் அவரிடம் நின்று பேச எனக்கு நேரமில்லை; வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஊருக்கு வெளியே, கல்வேலைக்காரர்கள் பாறை வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குழி ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் தெளிந்து நிற்கும். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்து. கல் ஏற்ற வண்டி இறங்கிய பக்கம் மட்டும் சரிவு. அந்தச் சரிவில் முழங்கால், இடுப்பு என்று மெல்ல மெல்லத்தான் ஆழம் வரும். இடுப்பளவுக்கு அப்பால் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதைத் தாண்டினால் மறுநாள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் போதும். பக்கத்தில் சிலை கொத்திக்கொண்டிருந்த ஆசாரியிடம் அனுமதி கேட்டேன். அவர் உளியை நிறுத்தாமலே சொன்னார்: "குழியில சாமியும் இல்ல, தீட்டும் இல்ல. தவளை உண்டு, அதுககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடும்மா."

தேங்காய்க்கு வந்த குளிப்பு

மிதப்பதற்கு ஏதாவது வேண்டுமே! பனையேறி ஒருவர் பழைய சுரைக்குடுக்கைகளைத் தந்தார். போதவில்லை. உரிக்காத காய்ந்த தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டி நெஞ்சுக்குக் கீழே கொடுத்தால் பிள்ளை அழகாக மிதக்கும். அப்படிக் காய்ந்த தேங்காய் எங்கள் கடையின் பின்கட்டில் குவிந்து கிடந்தது. நான் யாரைக் கேட்க வேண்டும்? எடுத்துக்கொண்டு போனேன்.

உச்சிப்பொழுதில் நான் ஈரச் சேலையும், இடுப்பில் பயலும், தலையில் தண்ணீர் சொட்டும் கூடையுமாக வந்து நின்றபோது, கடையில் ஆள் நிறைய நின்றது. என் வீட்டுக்காரர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏட்டி, செக்குல ஆட்டுறதுக்கு வச்ச தேங்காயை நீ துவையலுக்கு எடுப்பேன்னு பயந்துகிட்டு இருந்தேன், நீ குளிப்பாட்டில்லா கூட்டிட்டு வாற!"

மாற்றுத் துணி

சேரியில் அநேகம் பிள்ளைகளுக்கு உடுத்தியிருக்கும் துணியைத் தவிர வேறு கிடையாது. ஈரத்தோடு போனால் சளி பிடிக்கும். சளி பிடித்தால் அம்மைமார் அனுப்பமாட்டார்கள். ஆகவே வெயில் ஏறும் நேரத்தில் பாடம் வைத்தேன். முடிந்ததும் பெண்பிள்ளைகளெல்லாம் கடைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் உட்கார வேண்டும். துணி பக்கத்தில் காயும். முதல் நாள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். ஒருத்தி சாக்குக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்: "துணியும் காஞ்சிட்டு அக்கா, நாங்களும் வெந்துட்டோம்."

கையைப் பிடிக்காத பேச்சி

மாடத்தியின் மூத்த மகள் பேச்சி. தம்பியைக் கொண்டுபோன தண்ணீர் என்று பயப்படுவாள் என நினைத்தேன். அவள்தான் முதலில் இறங்கினாள். இடுப்பளவில் நின்றவளுக்குக் கால் வழுக்கியது. நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. பதறிப் பின்வாங்கினாள், கயிற்றுக்கு அடியில் நழுவி ஆழத்துக்கே போனாள். தலைமயிரைப் பற்றித்தான் இழுத்தேன். இருமி முடிப்பதற்குள் அவள், "தொட்டுட்டேனா அக்கா?" என்கிறாள்.

மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் விலகிப் போ, அவர் மேல் படாதே என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பழக்கிய பிள்ளை. கடைக்காரர் வீட்டுக்காரி கை நீட்டினாலும் உடம்பு தானாகப் பின்னால் போகிறது. எங்கள் வீட்டில் அய்யா வழி, சாதி பார்க்காத மார்க்கம். ஒரே கிணற்றில் எல்லாரும் குளிக்கலாம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. மறுநாள் யாரையும் தண்ணீரில் இறக்கவில்லை. பாறைமேல் வரிசையாக நிறுத்தி, நான் கை நீட்ட நீட்ட எட்டிப் பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடி, இன்னும் இறுக்கிப் பிடி, விலகாதே என்று தொண்டை வறளக் கத்தினேன். பேச்சி பிடித்துக்கொண்டே கேட்டாள்: "கரையில தொட்டா அடிக்காவ, தண்ணியில தொடல்லன்னா நீங்க ஏசுதிய. நாங்க எப்படித்தான் அக்கா இருக்க?"

கயிற்றின் மறுமுனை

பேச்சி நழுவிய செய்தி மாடத்திக்குப் போய்விட்டது. பேச்சி வரவில்லை. நான் தேடிப் போனபோது மாடத்தி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "ஒண்ணைத் தண்ணி கொண்டுட்டுப் போச்சு. மத்ததை நானே கொண்டு விடவா?" என்றாள். சானல் அவள் குடிசை வாசலில்தான் ஓடும். தண்ணீர் திறந்தால் பேச்சியைக் கட்டியா போட முடியும்? அதைத்தான் சொன்னேன். "நீ வந்து நில்லு. அவ இடுப்புல கயிறு கட்டுதேன். மறுமுனை உன் கையில" என்றேன்.

வந்தாள். பேச்சி முகத்தைத் தண்ணீரில் வைத்த மாத்திரத்தில் ஒரு இழுப்பு. கன்றுக்குட்டி மாதிரி கரைக்கு வந்தாள் பேச்சி. மறுபடி போனாள், மறுபடி இழுப்பு. பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். மாடத்தி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பேச்சி சரிவில் உட்கார்ந்து, சிராய்த்த முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "எம்மா, ஒண்ணு கயித்தை விடு, இல்லன்னா நீயும் இறங்கு!"

தண்ணீர் திறந்த பிறகு

சானலில் தண்ணீர் வந்தது. குழியில் பாடம் முடிந்திருந்தது; பேச்சியும் கயிறு இல்லாமல் மிதக்கப் படித்துவிட்டாள். ஓடுகிற தண்ணீரோடு மல்லுக்கு நிற்காதே, மல்லாந்து படு, கால் முன்னால் போகட்டும், கரையைப் பார்த்துச் சாய்ந்து சாய்ந்து போ. கரையில் நின்றால் குதிக்காதே. துணியை முடிந்து எறி. இதைப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறு. அந்தப் பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

நடவு அன்றைக்கு நானும் வயல் பக்கம் போயிருந்தேன். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பேச்சி கரையோடு வந்தாள். ஊறிப்போன கரை இடிந்தது. நாற்று ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். என் இடுப்பில் பயல்; அவனை இறக்கிவிட இடம் தேடுவதற்குள் அவள் வெகுதூரம் போய்விட்டாள். மாடத்தி அலறிக்கொண்டு குதிக்க ஓடினாள். அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினான் எங்கள் குழியில் படித்த இசக்கி. "குதிச்சா ரெண்டு பேரையும்லா தேடணும்! துவர்த்தை எடுங்கலே!" என்று கத்தினான். பிள்ளைகள் தலையில் கட்டியிருந்த அந்தத் துண்டுகளை முடிந்துகொண்டே கரையோடு ஓடினார்கள்.

பேச்சி மல்லாந்து கிடந்தாள். கால் முன்னால், முகம் வானத்தைப் பார்த்து. சாய்ந்து சாய்ந்து வளைவை எட்டினாள், அங்கே துணி விழுந்தது, பிடித்தாள். இழுத்துப் போட்டார்கள். மாடத்தி ஓடிவந்து அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், அழுகை நின்றதும் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாள்: "இதுல ஒண்ணு கெடக்கு. நடக்கத் தொடங்கினதும் கொண்டு விடுதேன். இடமில்லன்னு மட்டும் சொல்லிராதிய."

மற்றப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைக்கு வயது காணாது என்று திருப்பி அனுப்புகிறார்களாம். என் பள்ளிக்கூடத்திலோ பிறப்பதற்கு முன்பே இடம் பிடித்துவிடுகிறார்கள், ஆகவே இந்த வருஷமும் நான் நனையாமல் தப்புவதற்கு வழியில்லை.