பையனுக்குன்னு வாங்கின கம்ப்யூட்டர்

எங்க வீட்டுக்காரருக்கு ஆசையே கிடையாதுன்னு சொந்தக்காரங்க எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. மண்ணாங்கட்டி. ஆசை வண்டி வண்டியா உண்டு. அதைத் தன் பேர்ல சொல்லத்தான் வாய் வராது. ஐஸ்கிரீம் கடையில போய், "வீட்டுல கேட்டாங்க, ஒண்ணு குடுங்க"ம்பாரு. நான் எங்க கேட்டேன்? எனக்குப் பல் கூசும். வெளிய வந்து சுவரைப் பார்த்து நின்னு, அவசர அவசரமா அவரே தின்னுட்டு வாயைத் துடைச்சுக்குவாரு. பூப்போட்ட சட்டை மேல கண்ணு போச்சுன்னா, "தம்பிக்குப் பார்க்கிறேன்"ம்பாரு. அவருக்குத் தம்பியே கிடையாது, கூடப் பிறந்தது எல்லாம் அக்காங்கதான்.

ஆபீஸ் ஆபீஸா போய் நகலெடுக்கிற மெஷினை ரிப்பேர் பண்றது அவரோட வேலை. போற இடமெல்லாம் ஒரே பேரு, மெஷின்காரர். உள்ள மாட்டின பேப்பரை உருவும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னு மெஷின்கிட்டயே கெஞ்சுற ஆளு. அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டுல அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

ஒரு ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல யாரோ கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டுற விளையாட்டு ஆடிட்டிருந்திருக்காங்க. மழை பெய்யுது, வைப்பர் அப்படியும் இப்படியும் போகுது, ரோடு முடியாம நீண்டுக்கிட்டே இருக்குது. சுடுறதும் இல்லை, துரத்துறதும் இல்லை. சும்மா ஓட்டுறதுதான். இவரு சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டினது கிடையாது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கிட்டே, "ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா? உனக்கு உதவியா இருக்கும்"ன்னாரு.

நான் சலவைக்கடை கவுன்டர்ல உக்கார்றவ. எனக்கெதுக்குக் கம்ப்யூட்டர்? "உங்களுக்கு வேணும்னா வாங்குங்க, என் தலையை ஏன் உருட்டுறீங்க?"ன்னேன். காது வரைக்கும் சிவந்து போச்சு மனுஷனுக்கு.

ரெடிமேடா வாங்கக் கூடாதாம். பாகம் பாகமா வாங்கி நாமே மாட்டினாத்தான் நல்லதாம், போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டாரு. சம்பளம் வாங்கினதும் கடைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியோட வருவாரு. ப்ராசஸர் ஒரு தடவை, கிராபிக்ஸ் கார்டு இன்னொரு தடவை. அந்தக் கார்டுதான் படத்தைக் காட்டுற சாமானாம், அதைக் குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தாரு.

ஆனா அவரு எடுத்துட்டு வந்ததெல்லாம் அவருக்குச் சேராத சாமானா இருந்துச்சு. எல்லாத்தையும் உள்ள மாட்டுறதுக்குப் பெட்டின்னு ஒண்ணு வந்துச்சு, உள்ள சிவப்பும் நீலமும் பச்சையுமா லைட்டு சுத்துது. "என்னங்க இது, ரங்கராட்டினம் மாதிரி?"ன்னேன். "இப்ப எல்லாம் இதுதானாம்"ன்னு முனகினாரு. தட்டினா தடதடன்னு வீடே அதிர்ற கீபோர்டு. பக்கவாட்டுல எல்லாம் பட்டன் வெச்ச மவுஸ். மானிட்டரோ சின்னது, ரொம்ப வேகமானதாம். இவரு சோடாபுட்டிக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, அட்டையில இருந்த எழுத்தை மூக்கால தொட்டுப் படிச்சாரு. வெளுத்துப் போன சாம்பல் கலரைத் தவிர வேற எதையும் தொடாத மனுஷனுக்கு இப்ப ஏன் இந்தக் கிறுக்குன்னு எனக்குப் புரியல.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சாப்பாட்டு மேசையில துணி விரிச்சு மாட்ட ஆரம்பிச்சாரு. பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகா இருந்துச்சு. திருகாணி ஒண்ணொண்ணும் கை தவறாம உள்ள போச்சு. வாய் தானா சீட்டி அடிச்சுது. கடைசியில பட்டனை அமுக்கினாரு. ஃபேன் சுத்துச்சு, லைட்டு சுத்துச்சு. மானிட்டர் மட்டும் இருட்டா கெடந்துச்சு.

கழட்டினாரு, மாட்டினாரு. திரும்பக் கழட்டினாரு. முகம் செத்துப் போச்சு. கடைக்குப் போன் போட்டு, ரெண்டு கையும் பெட்டிக்குள்ள இருந்ததால ஸ்பீக்கர்ல வெச்சாரு. நான் பாத்திரம் துடைச்சிட்டிருந்தேன்.

கடைக்காரப் பொண்ணு எல்லாம் கேட்டுட்டு, "சார், உங்களுக்குச் சொன்னாப் புரியாது. பையன்கிட்ட போனைக் குடுங்க, நான் சொல்லிக்கிறேன்"ன்னுச்சு.

இவரு என்னைப் பார்த்தாரு. திருடன் மாதிரி முழிச்சாரு. "அவன்... அவன் குளிச்சிட்டிருக்கான்"ன்னாரு.

"சரி சார், நாளைக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வாங்க. அவனையும் கூட்டிட்டு வாங்க"ன்னு வெச்சிருச்சு.

"யாருங்க குளிக்கிறது?"ன்னு கேட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்த டாக்டர் இந்த டாக்டர்னு அலைஞ்சு ஓய்ஞ்சப்போ, "விடு, எனக்கு நீ, உனக்கு நான், போதும்"ன்னு சொன்னது இவருதான். சொந்தக்காரங்க ஜாடையாப் பேசுறப்போ எல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். இப்பப் போய் ஒரு கடையில, பிள்ளை பெத்தவராட்டம் நின்னிருக்காரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

"எத்தனை வயசு உங்க பையனுக்கு?"

"பதினாறு"ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

"அதுவும் சொல்லியாச்சா! இத்தனை வருஷமா மனசுக்குள்ள ஒரு பிள்ளையை வெச்சுக்கிட்டுத்தான் என்கூட குடும்பம் நடத்தினீங்களா? போதும் போதும்னதெல்லாம் வாய்வார்த்தைதானா?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா. கடையில அந்தப் பொண்ணு, யாருக்கு சார்னு கேட்டுச்சு. சுத்தி எல்லாம் சின்னப் பசங்க. இந்த வயசுல எனக்குன்னு எப்படிச் சொல்றது? பையனுக்குன்னு வாயில வந்திருச்சு. அப்புறம் என்ன ஆடுவான்னு கேட்டுச்சு. அந்த வயசுப் பசங்க துப்பாக்கி ஆட்டம்தானே ஆடுவாங்க..." நான் நம்பல. "நாளைக்கு நானும் வரேன். அந்தப் பொண்ணு முன்னாடி நானே போட்டு உடைக்கிறேன்"ன்னேன்.

கடை சின்னது, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. இளவட்டமா நாலஞ்சு பேரு கண்ணாடி அலமாரியை மொய்ச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தப் பொண்ணு ஸ்க்ரூட்ரைவரைக் காதுல சொருகிக்கிட்டு, "அட, அம்மாவும் வந்துட்டீங்களா! பையன் வரலையா?"ன்னு சிரிச்சுது.

வழி முழுக்க ஒத்திகை பார்த்துட்டு வந்த பேச்சு நாக்கு நுனியில நின்னுச்சு. வாயைத் திறந்தேன்.

"அவனுக்குப் பரீட்சைம்மா"ன்னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "விடிய விடியப் படிக்கிறான். ஒழுங்காச் சாப்பிடுறதும் இல்லை. எது வெச்சாலும் ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறான். திட்டினா, போம்மாங்கிறான்"ன்னு என் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தேன். "எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னப்போ, எனக்கு அவ்வளவு நிறைவா இருந்துச்சு. இவரு என்னைப் பார்க்கிறது தெரிஞ்சுது. நான் திரும்பல.

பொண்ணு பெட்டியைத் தன் மானிட்டர்ல மாட்டுச்சு. பட்டுன்னு படம் வந்திருச்சு.

"வீட்டுல வயரை எங்க சார் சொருகினீங்க?"

இவரு பின்பக்கம் மேல இருந்த ஓட்டையைக் காட்டினாரு.

"அங்க சொருகினா வராது சார். கார்டு போட்டிருக்கீங்கல்ல, கீழ இருக்கே, இந்தக் கார்டுலதான் சொருகணும். பையன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பானே!" கீபோர்டைப் பக்கத்துல இழுத்துக்கிட்டு, "சரி, கம்ப்யூட்டர்ல பேரு போடணும். பையன் பேரு என்ன?"ன்னுச்சு.

அவனுக்குப் பேரு இல்லை. பொண்ணு என்னைப் பார்த்துச்சு, பெத்தவ நான்தானே சொல்லணும்.

"பையன் இல்லம்மா"ன்னாரு எங்க வீட்டுக்காரர். "எங்களுக்குப் பிள்ளையே கிடையாது. இது எனக்குத்தான். கேட்க வெட்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன். என் பேரையே போடு." தடுமாறாமச் சொன்னாரு, கடையில இருந்த அத்தனை பேர் முன்னாலயும்.

நேத்து அவரு சொன்னதெல்லாம் நிஜம்தான்னு அந்த நொடியில எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா பொண்ணோட கண்ணு மெல்ல என் பக்கம் திரும்பிச்சு. பரீட்சை எழுதுற பையன், போம்மாங்கிற பையன், அவன் யாருன்னு அது கேட்கல. கேட்டிருந்தாக் கூடத் தேவலை. எங்கயாவது அந்த அட்டைப்பெட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கலாமான்னு இருந்துச்சு எனக்கு.

"நீங்க என்ன சார் ஆடுவீங்க?"ன்னு மட்டும் அவரைக் கேட்டுச்சு.

"லாரி ஓட்டுறது."

"ஐயோ சார்! துப்பாக்கி ஆடுற பையனுக்குன்னுல்ல எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன். லாரிக்கு எதுக்கு இந்த மவுஸு? உங்க கண்ணுக்குப் பெரிய மானிட்டராத் தந்திருப்பேனே. முதல்லயே சொல்லக் கூடாதா?" அது நிஜமாவே வருத்தப்பட்டுச்சு. மானிட்டரை மட்டும் மாத்தித் தரேன்னு சொல்லிச்சு. பக்கத்துல நின்ன ஒருத்தரும் சிரிக்கல, அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

திரும்பி வரும்போது பஸ்ல பெட்டியை அவரு மடியில வெச்சிருந்தாரு. நான் ஜன்னல் பக்கமே முகத்தை வெச்சுக்கிட்டேன். காதெல்லாம் சூடா இருந்துச்சு. நேத்து அவரை என்ன பேச்சுப் பேசினேன்! மனசுக்குள்ள பிள்ளையை வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தினீங்களான்னு கேட்டேனே. அவருக்கு அவன் ஒரு பேச்சுக்கு வந்தவன், வேலை முடிஞ்சதும் இல்லைன்னு சொல்ல முடிஞ்சுது. என்னால முடியல.

அவரு பெட்டியைத் தடவிக்கிட்டே, யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பத்தி விசாரிக்கிற மாதிரி மெதுவாக் கேட்டாரு.

"சாப்பாட்டுல என்னத்தை ஒதுக்கி வைப்பான்?"

"வெங்காயம்"ன்னேன். யோசிக்கவே இல்லை.