பாலத்துக் காட்சி

சுந்தரலிங்கம் கொழும்பில் வெள்ளவத்தைவாசி. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டிட நிறுவனத்தில் இருபத்தாறு வருஷமாக வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். சுவர் எங்கே நிற்கவேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதில் அவருடைய பென்சில் ஒருநாளும் பிசகியதில்லை. மிச்ச நேரமெல்லாம் நாடகம்தான். சைவக்காரராக இருந்தும், ஈஸ்டருக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள் ஒரு மண்டபத்தில் போடுகிற 'லியோன் ராசன்' நாடகத்தை அவர் தவறவிட்டது கிடையாது. பிறகு பிறகு, நடிகர்களுக்கு வசனம் பழக்கிவிடுகிற அளவுக்கு அவர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். கொட்டாஞ்சேனையில் அவர் பெயர் மாஸ்டர்.

அது பழைய துன்ப நாடகம். தம்பிக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிய ராசனை ஒரு பாலத்தில் வைத்து ஆறு பேர் வெட்டிச் சாய்க்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்த அந்த ஆறு பேரில் ஒருவன் ராசனுடைய சொந்த மகன். மேடையில் இந்தக் கொலையை யாரும் காண்பதில்லை. தூதன் ஓடிவந்து சொல்லுவான், ராணி விழுந்து புலம்புவாள், சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில், விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த சிவபாலனுக்கு இந்த நாடகத்தைச் சினிமாவாக்க ஆசை வந்தது. திரைக்கதை எழுத சுந்தரலிங்கத்தைக் கேட்டான்.

"அண்ணை, படத்திலை ஒருத்தன் ஓடிவந்து கதை சொன்னால் சனம் எழும்பிப் போயிடும். கொலையைக் காட்டவேணும்."

"காட்டினால் நாடகம் செத்துப்போம், தம்பி."

"காட்டாட்டில் படம் செத்துப்போம்."

ஒரு கிழமை முறுக்கிக்கொண்டு திரிந்தவர், எழுதத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். தூதனுடைய நாற்பது வரிப் பேச்சை உடைத்து இருபத்திரண்டு துண்டுகளாக்கினார். கால்வாய்க்கு மேலே இருந்த ஒடுங்கிய பாலமொன்றைத் தெரிந்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் போய்க் காலடியால் அளந்தார். பிறகு அலுவலக மேசையில் வைத்து அதைக் கீறினார். பாலம், படிக்கட்டு, ராசன் வருகிற திசைக்கு அம்புக்குறி, ஆறு பேர் மறைந்து நிற்கிற இடங்களுக்கு ஆறு வட்டங்கள். விடிகிற நேரத்து வெளிச்சம் கிடைக்கவேண்டும் என்பதற்காக 'காலை 5.50' என்று பக்கத்தில் எழுதினார். வசனத்தில் மாத்திரம் பழைய நாடகத்தின் மொழியைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. கூட்டத்தின் தலைவன் சொல்லுவான்: "விடியுமுன் அரசு சாயவேண்டும்." அந்தக் காலத்து மொழியில் அரசு என்றால் ராசன்தான்.

மகனாக நடிக்க வந்தவன் கிளறன்ஸ். வயது இருபத்துமூன்று. துறைமுகத்தில் சாமான் கணக்கெடுக்கிற கிளார்க். தகப்பன் இல்லை, தாய் மாக்ரெட் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கல்யாண உடுப்புத் தைப்பவள். மூன்று வருஷமாக மேடையில் அதே மகனாக நடித்தும், கொலை நடக்கிற நேரத்தில் அவன் திரைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

"இப்ப நான் எங்க நிக்கவேணும் சேர்? எனக்குப் பிடிபடுதில்லை" என்று ஒத்திகையில் கேட்டான்.

சுந்தரலிங்கம் அந்தப் பாலத்து வரைபடத்தில் ஒரு பிரதி எடுத்து, மூன்றாவது வட்டத்துக்குள் 'கி' என்று எழுதி, அவன் பாயவேண்டிய நேரத்துக்குக் குறியாகத் தலைவனுடைய வசனத்தைப் பின்பக்கத்தில் எழுதி, அவன் கையில் கொடுத்தார்.

"இதை ஏன் அண்ணை கொண்டு திரியவிடுறியள்? வாயாலை சொன்னால் காணாதே?" என்றான் சிவபாலன்.

"ஆறடி பிசகினாலும் வெளிச்சத்துக்கு வெளியிலை போயிடுவான். வைச்சுப் படிக்கட்டும்."

தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்த கிழமை அது. சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை முடிந்து போன கிளறன்ஸின் பஸ்ஸைக் காவலரணில் மறித்தார்கள். அடையாள அட்டை சரி. துறைமுக பாஸ் இருந்தது. சட்டைப்பைக்குள் நாலாக மடித்த கடதாசியும் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மாக்ரெட் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தாள்.

"மாஸ்டர், பெடியன்ட பையில ஏதோ மெப் இருந்துதாம். பாலமாம். அது என்ன மாஸ்டர்?"

அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். அவள் அழவில்லை. "அப்ப நீங்க வந்து அதைச் சொல்லுங்க. சொன்னா விட்டுருவாங்க" என்றாள்.

"நாளைக்குக் காலமை போறன்" என்று வாக்குக் கொடுத்தார்.

அவள் போன கையோடு மனைவி பத்மாவதி கதவைச் சாத்தினாள். "போகாதையுங்கோ. நீங்கள் போனால் அவனை விடமாட்டாங்கள், உங்களையும் சேர்த்துப் பிடிப்பாங்கள். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

திங்கட்கிழமை அவர் போகவில்லை. வயிற்றுக்குள் ஏதோ என்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கிடந்தார். செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை காலை, பத்மாவதி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, நாடகப் புத்தகத்தையும் திரைக்கதைக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு, கிளறன்ஸைப் பிடித்து வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

பொறுப்பதிகாரி மரியாதையான மனுஷன். உட்காரக் கதிரை காட்டினார். பேச்சு முழுக்கச் சிங்களத்தில், ஐயா என்கிற இடத்தில் மாத்தையா.

"இதை வரைந்தது மாத்தையாவா?"

"ஓம் சேர். இது நாடகம். சினிமாவுக்காக."

"நாடகத்தில் இந்தப் பாலம் இருக்கிறதா?"

"பாலம் என்றுதான் இருக்கு. எந்தப் பாலம் என்று இல்லை."

"இது எங்கள் பாலம். நீளம்கூடச் சரியாக இருக்கிறது. ஏன் ஐந்து ஐம்பது?"

"வெளிச்சத்துக்காக, சேர்."

"இந்த ராஜா யார்?"

"அப்படி ஒரு ராஜா இல்லை சேர். கதை."

அதிகாரி திரைக்கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம்முடைய கோப்பிலிருந்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சிவப்பு மையால் கோடிட்டிருந்த தாளை எடுத்து வைத்தார். கிளறன்ஸின் கடதாசியின் பின்பக்கத்தில் சுந்தரலிங்கம் தம் கையால் எழுதிக்கொடுத்த அந்த ஒற்றை வசனம். சிங்களத்தில் அது இப்படி வந்திருந்தது: 'விடிவதற்கு முன் அரசாங்கம் வீழ்த்தப்பட வேண்டும்.'

சுந்தரலிங்கத்துக்கு அலுவலகத்தில் சீமெந்தும் கம்பியும் கதைக்கப் போதுமாக இருந்த சிங்களம் இங்கே கைவிட்டது. அரசு என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் ராசன் என்றும் பொருள் உண்டு என்பதை எந்தச் சொல்லால் சொல்லுவார்? கையை ஆட்டினார், தலையில் கிரீடம் வைப்பதுபோலக் காட்டினார். பக்கத்து மேசையிலிருந்த பொலிஸ்காரன் சிரித்துவிட்டான்.

அன்றும் அடுத்த நாளும் அவரை வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. நிறுவனத்து முதலாளி, ஒரு சிங்களவர், நேரே வந்து கையெழுத்து வைத்து அழைத்துக்கொண்டு போனார். வெளியே வருகிறபோது சுந்தரலிங்கம் பொறுப்பதிகாரியைக் கேட்டார்: "சேர், அந்தப் பெடியன்?"

"செவ்வாய்க்கிழமையே வேறு பிரிவு எடுத்துக்கொண்டு போய்விட்டது. தடுப்புக் கட்டளை வந்துவிட்டது. இனி என் கையில் இல்லை." அதிகாரி கோப்பை மூடினார். "மாத்தையா திங்கட்கிழமையே வந்திருந்தால், ஒருவேளை."

இந்த 'ஒருவேளை'யை அவர் பத்மாவதிக்குச் சொல்லவில்லை. மாக்ரெட்டுக்கும் சொல்லவில்லை.

பிறகு பதினாலு மாதம். வழக்கறிஞர் வீடு, தடுப்பு முகாம் வாசல், நீதிமன்ற நடைபாதை. மாக்ரெட் போகிற இடமெல்லாம் அவரும் போனார், அவளுடைய சாப்பாட்டுப் பொதியைப் பிடித்துக்கொண்டு. தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதி வாங்கி வழக்கறிஞரிடம் கொடுத்தார். அது கோப்பில் கிடந்தது, யாரும் படிக்கவில்லை. சிவபாலன் மூன்றாம் மாதமே கனடா போய்விட்டான். படம் என்னவாயிற்று என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

தொண்ணூற்றேழு செப்டெம்பரில், வழக்குப் போட ஒன்றுமில்லை என்று கிளறன்ஸை விட்டார்கள். சுந்தரலிங்கம் ஒரு கிழமை பொறுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அவன் சுவரோடு முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி இருந்தான். வலது காதில் பஞ்சு. துறைமுக வேலை போய்விட்டது.

"அந்த மூண்டாவது வட்டத்தில நிண்டது யாரெண்டு எத்தனை தரம் கேட்டாங்க தெரியுமா சேர்?" என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "நான்தான் எண்டேன். அப்ப மத்த அஞ்சு பேரும் யாரெண்டாங்க. கூட நடிச்ச சந்தானத்தையும் ஜோர்ஜையும் சொல்லேலுமா? ரெண்டு பேருக்கும் சின்னப் பிள்ளைங்க. நாடகத்தில இருக்கிற பேரைச் சொன்னேன். அவங்களைத் தேடி அலைஞ்சிட்டு வந்து திரும்ப அடிச்சாங்க."

"நான் சனிக்கிழமை அந்தக் கடதாசியைத் தராமல்..." என்று தொடங்கினார். அந்தப் பொலிஸ் அதிகாரி சொன்னதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். அதற்குள் மாக்ரெட் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரைக்கும் நின்றாள்.

வாசல்வரை வந்து, மெதுவாகச் சொன்னாள்: "மாஸ்டர், நீங்க எனக்குச் செஞ்சதை நான் மறக்கமாட்டேன். ஆனா இனி இங்க வர வேணாம். உங்களைக் கண்டா அவன் ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டான்."

"ஓம்" என்றார்.

அடுத்த வருஷம் கிளறன்ஸ் ஏஜென்சி மூலம் கட்டார் போய்விட்டான் என்று கேள்விப்பட்டார். விலாசம் கேட்க யாரிடமும் போகவில்லை. ஓய்வுபெறும்வரை கொள்ளுப்பிட்டியில் வரைந்துகொண்டிருந்தார். அவர் கையிலிருந்து போகிற ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். ஏன் என்று அவர்களும் கேட்டதில்லை.