‘லோ ரிஸ்க்’ சொல்லாமல் விட்டது

போன ஞாயிறு பொம்மனஹள்ளியில் ஒரு பிறந்தநாள். என் தங்கை ஷர்மிளாவின் மகனுக்கு ஒரு வயது. கேக் வெட்டுவதற்குள் இரண்டு கையையும் அதில் புதைத்துவிட்டு, அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே... கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஷர்மிளா கர்ப்பமாக இருந்தபோது ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று தாயின் ரத்தத்தை வைத்தே பார்ப்பது. ‘லோ ரிஸ்க்’ என்று வந்தது. மாப்பிள்ளை தினேஷ் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன். தினேஷுக்கு அன்று ஷிப்ட்.

“பிளட் டெஸ்ட்லயே எல்லாம் நார்மல்னு வந்துடுச்சே... ஸ்கேன் எதுக்கு? சும்னே... வீணா டென்ஷன்.”

“அது குரோமோசோமத்தான் பாத்துச்சு. ஹார்ட்ட யாரு பாத்தது? நீங்க வரலன்னா பரவால்ல, அக்காவோட போறேன்” என்றாள் ஷர்மிளா.

போனோம். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டர் சட்டென்று திரையருகே குனிந்தார். குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன.

“அப்போ... அந்த ரிப்போர்ட் பொய்யா டாக்டர்?” என்றேன்.

“பொய் இல்லம்மா. அது வேற கேள்விக்குப் பதில். அதுலயும் வாய்ப்பு கம்மின்னுதான் சொல்லும், இல்லவே இல்லன்னு சொல்லாது. ஹார்ட் எப்படி அமைஞ்சிருக்குன்னு ரத்தத்துல தெரியாது. இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. ஹார்ட் ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிலயே டெலிவரி வெச்சுக்கலாம்.”

விஷயம் கேட்டு தினேஷ் ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். “நான் வேணாம்னு சொன்னேனே ஷர்மி...”

“அழறத அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல ஆஸ்பத்திரி பாக்கலாம், வாங்க.”

குழந்தை நீலம் பாய்ந்துதான் பிறந்தான். ஆனால் டாக்டர்கள் தயாராகக் காத்திருந்தார்கள். அந்த வாரமே ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. சர்ஜன் முகத்தில் சிரிப்பு! தினேஷ் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்தால், பயலின் உள்ளங்கால் ரோஜா நிறம். ஜெயித்துவிட்டாள் என் தங்கை!

நல்ல செய்தி வந்ததும் நாம் ஏன் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம்? அந்த டெஸ்ட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தாலும் அதுவே தீர்ப்பில்லை. உறுதி செய்ய வேறு டெஸ்ட் உண்டு. ‘லோ ரிஸ்க்’ என்று வந்தால்..?

தாராளமாகக் கொண்டாடுங்கள் – ஸ்கேனுக்குப் போகும் வழியில்!